ஓநாயின் வாலும் நரியின் தந்திரமும்

உறைபனிக் காலத்தில் வாலை நீருக்குள் விட்டு மீன் பிடிக்கச் சொல்லி ஓநாயை நரி ஏமாற்றும் கதை, ஐரோப்பிய விலங்குக் கதைகளுள் மிகப் பரவலாக அறியப்பட்டதாகும். நாட்டுப்புறக் கதைகளை வகைப்படுத்தும் ஆர்னே–தாம்சன்–உத்தர் பட்டியலில் இதற்கு 2ஆம் எண் தரப்பட்டுள்ளது.

இக்கதை இடம்பெறும் பழைய நூல்களுள் ஒன்று, 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தோன்றிய 'இசென்கிரிமஸ்' என்னும் இலத்தீன் நெடும்பாடல். இன்றைய பெல்ஜியத்திலுள்ள கென்ட் நகரத்தோடு தொடர்புடைய இந்நூல் 6,500க்கும் மேற்பட்ட அடிகள் கொண்டது; நிவார்டஸ் என்பவர் இயற்றியதாகக் கருதப்படுகிறது. இதில் ஓநாய் ஒரு துறவி. பேராசை பிடித்த மடத்துத் துறவிகளைக் கேலி செய்யவே புலவர் அந்த வேடத்தைத் தந்தார். ஓநாயின் வால் பனியில் சிக்கியதும், நரி ஊருக்குள் சென்று பாதிரியாரின் சேவலைத் திருடிக்கொண்டு ஓடி வருகிறது. பூசையைப் பாதியில் விட்டுத் துரத்தி வரும் பாதிரியாரிடமும் ஊராரிடமும் அகப்படுவது ஓநாய்தான். அல்டிராடா என்னும் பெண் வீசிய கோடரி குறி தவறி வாலைத் துண்டிக்க, அதனாலேயே அது உயிர் தப்புகிறது.

சில பத்தாண்டுகளுக்குப் பின், 1170களில் தொடங்கிப் பலரால் எழுதப்பட்ட 'ரோமான் தெ ரெனார்' என்னும் பிரெஞ்சுக் கதைப்பாடல்களில் இக்காட்சி இன்னும் கொடுமையாக அமைகிறது. விலாங்கு மீன் வறுபடும் வாசனைக்கு ஓநாய் வருகிறது. துறவியானால்தான் மீன் கிடைக்கும் என்று கூறி, அதன் தலையில் கொதிநீரை ஊற்றி 'மொட்டையடித்து' விடுகிறது நரி. பிறகுதான் வாலில் வாளியைக் கட்டிக் குளத்தில் உட்கார வைக்கிறது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. ஓநாய்க்கு இயல்பிலேயே நீண்ட வால் உண்டு. அப்படியிருக்க வால் அறுந்த கதை ஏன் அதன்மேல் ஏற்றப்பட்டது? நார்வேயில் 19ஆம் நூற்றாண்டில் அஸ்பியோர்ன்சன், மோ ஆகிய இருவரும் தொகுத்த கதையில் ஏமாறுவது கரடி. வால் வலித்தால் மீன் கடிக்கிறது என்று பொருள் என நரி சொல்ல, அதை நம்பிய கரடி கடைசியில் வாலை வெடுக்கென்று இழுத்து அறுத்துக்கொள்கிறது. கரடிக்குக் குட்டை வால் வந்த காரணம் அதுவே என்று கதை முடிகிறது. பின்லாந்து அறிஞர் கார்லே குரோன் இதனைக் கொண்டு, கரடிக் கதையே மூலம், அது வடபுலத்தில் பிறந்தது என வாதிட்டார். எழுத்தில் முந்தியது ஓநாய்க் கதை என்பது உண்மை. ஆயினும் ஏட்டில் முந்தியதே வாய்மொழியிலும் முந்தியதாக இருக்க வேண்டியதில்லை. குரோனின் வாதத்துக்கு வலு உண்டு.

அஃபனாசியெவ் தொகுத்த ரஷ்யக் கதையிலோ நரி பெண். தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் தோள்தடியால் அடிக்க, ஓநாய் வாலை இழந்து ஓடுகிறது. நரியோ தலையில் பிசைந்த மாவைப் பூசிக்கொண்டு, தன் மூளையே வெளியே வந்துவிட்டதாக முனகுகிறது. இரக்கப்பட்ட ஓநாய், அடி வாங்காத அந்த நரியைத் தன் முதுகில் சுமந்து செல்கிறது.

ரெனார் கதைகளின் செல்வாக்கைப் பிரெஞ்சு மொழியிலேயே காணலாம். பழைய பிரெஞ்சில் நரிக்கு 'கூபில்' என்று பெயர். 'ரெனார்' என்பது கதை நரியின் தனிப்பெயர் மட்டுமே. நாளடைவில் கூபில் வழக்கொழிந்தது. இன்று பிரான்சில் எல்லா நரியும் ரெனார்தான்.