கருவி திருத்துவோரும் வாடிக்கையாளரும்: தோற்கருவி வரலாற்றில் மறைக்கப்பட்ட ஓர் உறவு

தமிழர் இசைமரபு பற்றிய வரலாறுகள் பெரும்பாலும் பாடியோரையும் வாசித்தோரையும் அவர்களை ஆதரித்தோரையுமே பேசுகின்றன. கருவியைச் செய்தோருக்கும், பழுதுற்றபோது அதனைத் திருத்திக் கொடுத்தோருக்கும் அவற்றில் இடமில்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை தண்ணுமை ஆசிரியனுக்குரிய தகைமைகளை வகுத்துரைக்கின்றது. அதற்கு உரை கண்ட அடியார்க்குநல்லார் முப்பதுக்கு மேற்பட்ட தோற்கருவிகளைப் பெயர் சுட்டி நிரைப்படுத்துகின்றார். ஆயின், அவற்றுக்குத் தோல் போர்த்தவர் யாவர் என்னும் வினா அங்கு எழவில்லை. இம்மௌனம் தற்செயலானதன்று. மிருதங்கப் பட்டறையை முதன்மைச் சான்றாகக் கொண்டு, கருவி திருத்துவோருக்கும் அவர்தம் வாடிக்கையாளருக்கும் இடையே நிலவிய உறவினை நோக்குமிடத்து இது புலனாகும்.

முதற்கண் கருவியின் இயல்பை நோக்குவோம். மிருதங்கத்தின் உடல் பலாமரத்தாற் கடையப்படுவது. வலந்தலையில் பசுத்தோலும் ஆட்டுத்தோலும் அடுக்காக அமையும்; இருதலைகளையும் இழுத்துப் பிணிப்பது எருமைத்தோல் வார். வலந்தலையின் நடுவே கிட்டக்கல்லின் பொடியையும் சோற்றையும் குழைத்துக் கரணை இடப்படும். இதனை ஒரே முறையில் அப்பிவிடுதல் இயலாது. மெல்லிய படையாக இட்டு, கல்லால் தேய்த்து, உலரவிட்டு, மீண்டும் இடல் வேண்டும். இத்தனையும் செய்து முடித்த கருவியும் நிலைத்து நிற்பதில்லை. ஈரக்காற்றில் தோல் தளரும்; வெயிலில் இறுகும்; வாசிக்க வாசிக்கக் கரணை உதிரும். எனவே தோற்கருவியை ஒருமுறை விலைகொடுத்து வாங்கி உடைமையாக்கிவிட முடியாது. அதனை வாங்கியவர் அதன் ஆயுள் முழுவதும் பட்டறைக்குத் திரும்பத் திரும்பச் செல்லவேண்டியவராகின்றார். பிற பண்டங்களை வாங்குவோருக்கும் தோற்கருவி வாங்குவோருக்குமுள்ள அடிப்படை வேறுபாடு இதுவே.

பட்டறையில் நிகழ்வது யாது? வாசிப்பவர் தமக்கு வேண்டிய சுருதியையும் நாதத்தையும் சொல்கின்றார். சொற்களால் அதனை முழுமையாக உணர்த்த இயலாது, தட்டிக் காட்டுகின்றார். திருத்துபவர் அதனைச் செவியில் வாங்கி, கரணையின் கனத்தைக் கூட்டியோ குறைத்தோ, வாரை இறுக்கியோ நெகிழ்த்தியோ அவ்வொலியைத் தோலில் வருவிக்கின்றார். மீண்டும் இவர் தட்டுகின்றார், அவர் திருத்துகின்றார். இவ்விருவரில் எவர் கலைஞர், எவர் தொழிலாளர்? மூளை உழைப்பு, உடல் உழைப்பு என்னும் பாகுபாடு இவ்விடத்துப் பொருளற்றுப் போகின்றது. மேடையிற் கேட்கும் நாதம் இரு செவிகளின் கூட்டு உற்பத்தி. ஆயின் மேடையில் ஒருவரே அமர்கின்றார். கைதட்டலும் சன்மானமும் ஒருவரையே சார்கின்றன.

வாடிக்கையாளரின் முறைப்பாடுகளையும் நாம் புறக்கணித்தலாகாது. சொன்ன நாளிற் கருவி கைக்கு வருவதில்லை, முற்பணம் பெற்றபின் இழுத்தடிக்கின்றனர், புதிதாகப் போர்த்த தலை விரைவிற் கிழிந்துவிடுகின்றது என்பன பொதுவாகக் கேட்கப்படுவன. இவற்றுட் சில நியாயமானவையே. கவனக்குறைவான வேலை எத்தொழிலிலும் உண்டு. எனினும் மழைக்காலத்தில் தோலும் கரணையும் உலர எடுக்கும் நாட்களை முற்பணம் குறுக்கிவிடாது. மேலும், தோலுக்கும் வாருக்கும் விலை பேசும் வாடிக்கையாளர், சுருதியை நிர்ணயிக்கும் செவிக்கு விலை பேசுவதில்லை. பல்லாண்டுப் பயிற்சியாற் பெற்ற அவ்வறிவு, தோலின் விலையோடு இலவசமாகச் சேர்த்தே வாங்கப்படுகின்றது. முறைப்பாடு ஒரு புறத்தாருடையதாகவே பதிவாவதற்கும் காரணம் உண்டு. திருத்துபவரின் முறைப்பாட்டைக் கேட்பதற்கு யாரும் இருக்கவில்லை.

அதற்குரிய காரணத்தைச் சாதியமைப்பிலேயே தேடல் வேண்டும். தஞ்சாவூரிலும் சென்னையிலும் மிருதங்கம் செய்வோருட் பெரும்பாலோர் தலித் கிறித்தவர். இவர்களின் வரலாற்றை டி. எம். கிருஷ்ணா 2020இல் வெளியிட்ட ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்னும் ஆங்கில நூல் விரிவாக ஆராய்கின்றது. பாலக்காடு மணி ஐயரின் (1912–1981) நாதத்திற்குப் பின்னால் பர்லாந்து என்னும் கைவினைஞரின் செவியும் கையும் இருந்தமையை அந்நூல் வெளிக்கொணர்ந்தது. நூலின் ஒரு பகுதி நாளிதழில் வெளிவந்ததையடுத்து, வெளியீட்டு விழாவுக்கு அரங்கு வழங்க இசைந்திருந்த கலாக்ஷேத்திரம் அவ்விசைவை மீளப்பெற்றது. பசுவைப் புனிதமெனப் போற்றும் சமூகம் பசுத்தோலின்றித் தன் இசையை இசைக்க முடியாதிருப்பது ஒரு முரண்பாடு. அம்முரண்பாட்டின் சுமை வாசிப்போர் மீது ஏற்றப்படவில்லை. தோலைத் தொட்டவர் மீதே தீட்டாக ஏற்றப்பட்டது. கருவி மேடைக்கு ஏறியபோது தூய்மை பெற்றது. அதனைச் செய்த கை பெறவில்லை.

இனி எமது நாட்டை நோக்குவோம். 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கம், மட்டக்களப்பு அண்ணாவிமாரின் மத்தளத்தைப் பல்கலைக்கழக அரங்கிற்குக் கொணர்ந்தது. ஆட்டமும் தாளக்கட்டும் ஆய்வுப் பொருளாயின. பறையின் நிலை வேறானது. கிழக்கிலங்கைப் பறைமேளக்காரர் பற்றி டெனிஸ் மக்கில்வ்ரே 1983இல் வெளியிட்ட ஆய்வு, அவர்கள் தம் தாழ்நிலையை உளமொப்பி ஏற்றனரா, நிர்ப்பந்தத்தால் ஏற்றனரா என்னும் வினாவை எழுப்பியது. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டமும், 1966இல் வடக்கில் எழுந்த தீண்டாமை எதிர்ப்புப் போராட்டங்களும் இவ்வினா வெறும் ஏட்டுவினாவன்று என்பதை ஏலவே காட்டியிருந்தன. சாவீட்டில் ஊதியமன்றி ஊழியமாகப் பறையடிக்க மறுத்தல், விடுதலையின் ஒரு வடிவமாகவே அமைந்தது.

இவ்விடத்து முற்போக்காளர் எதிர்கொள்ளவேண்டிய வினா ஒன்றுண்டு. தோல் போர்த்தும் குடும்பத்துப் பிள்ளைகள் அத்தொழிலைக் கைவிடும்போது, மரபு அழிகின்றதென நாம் வருந்துவதா, அன்றி விலங்கு கழன்றதென மகிழ்வதா? பிறப்பினால் விதிக்கப்பட்ட ஊழியத்தின் மீது கட்டப்பட்ட மரபினைக் காத்தருளுமாறு, அவ்வூழியத்தாற் புண்பட்டவரிடமே கேட்பதற்கு எமக்கு உரிமையில்லை. அதேவேளை, கரணையின் கனத்தை அறியும் அறிவு மனித உழைப்பின் உயர்ந்த பேறுகளுள் ஒன்று; அதனை மறையவிடுதலும் தகாது. தொழில்நுட்பம் இதற்கு ஓரளவு விடை தருகின்றது. தவிலில் தோல்வார் இருந்தவிடத்து இரும்பு வளையமும் திருகாணியும் வந்துள்ளன. இறுக்குதலை இன்று வாசிப்பவரே செய்யலாம். ஆயினும் தலையைப் போர்த்தும் வேலையைத் திருகாணி செய்துவிடாது.

எனவே மாற வேண்டியது கருவியன்று, உறவே. கருவி திருத்தும் கல்வி சாதி நோக்காது எவரும் கற்கத்தக்க பாடமாதல் வேண்டும். வாசிக்கக் கற்கும் மாணவர் தோல் தொடவும் கரணை இடவும் பழகுவாராயின் தீட்டென்னும் கருத்து வேரிழக்கும். செவியின் உழைப்பு தோலின் விலையினின்று பிரித்து மதிக்கப்படல் வேண்டும். கச்சேரி நிகழ்ச்சி நிரலிலும் ஒலிப்பதிவு உறைகளிலும் வாசித்தவர் பெயரின் அருகே கருவி செய்தவர் பெயரும் இடம்பெறல் வேண்டும். இவை சிறு காரியங்களே. எனினும் நெடுங்காலம் பெயரின்றி இருந்தோரை வரலாற்றுக்குள் கொணர்வதற்கு அவர்தம் பெயரை எழுதுவதிலிருந்தே நாம் தொடங்கவேண்டியுள்ளது.