இலண்டனில் மூன்று இல்லங்கள்

கடல் கடந்து சென்று கல்வி கற்றலின் சிறப்பை நாம் அடிக்கடி பேசுகின்றோம். பட்டம் பெற்றுத் திரும்பியவரை மாலையிட்டு வரவேற்கின்றோம். ஆனால், மாலையில் கல்லூரி வாயில் மூடிய பின்னர் அயல்நாட்டில் அம்மாணவர் எங்குச் சென்றார், எவரோடு உண்டார், நோயுற்றபோது எவர் அவரைக் கவனித்தார் என்பனவற்றை நாம் கேட்பதில்லை. இவ்வினாக்களுக்கு விடை தேடுவோமாயின், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் மாநகரில் எழுந்த மூன்று இல்லங்களின் வரலாறு நமக்குப் பெரிதும் துணை செய்யும்.

அக்காலத்தில் சட்டம், மருத்துவம், ஆட்சிப் பணி ஆகியவற்றுக்கான உயர்படிப்பை நாடிய இந்திய இளைஞர் பலர் இங்கிலாந்து சென்றனர். வாடகை அறை தேடிச் சென்ற அவர்களிற் சிலருக்கு, நிறங்கண்டே கதவு அடைக்கப்பட்டது. வகுப்பறையில் இடம் கிடைத்த நகரில் வாழ்க்கைக்கு இடம் கிடைப்பது அரிதாயிற்று.

முதல் இல்லம் 'இந்தியா ஹவுஸ்' ஆகும். சியாம்ஜி கிருஷ்ணவர்மா 1905ஆம் ஆண்டு ஹைகேட் பகுதியில் இதனை நிறுவினார். தங்குமிடமாகத் தோன்றிய இது விரைவிலேயே விடுதலை வேட்கையின் பாசறையாக மாறியது. சட்டம் பயிலச் சென்ற வ.வே.சு. ஐயர் இங்கேயே தங்கினார். பின்னாளில் தமிழ்ச் சிறுகதைக்கு வழிகாட்டியவராகவும், திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவராகவும் நாம் போற்றும் அவருடைய வாழ்க்கையைத் திசை திருப்பியது இவ்வில்லமேயாகும். 1909ஆம் ஆண்டு சூலை முதல் நாள், இந்திய மாணவரையும் ஆங்கிலேயரையும் ஒருங்கே கூட்டிய ஒரு மாலை விருந்தின் முடிவில், மதன்லால் திங்ரா என்னும் மாணவர் கர்சன் வைலி என்ற உயர் அலுவலரைச் சுட்டுக் கொன்றார். திங்ரா தூக்கிலிடப்பட்டார், இந்தியா ஹவுஸும் அதன்பின் நிலைக்கவில்லை.

இரண்டாவது இல்லம் அரசின் துணையோடு எழுந்தது. 1910இல், குரோம்வெல் சாலையின் 21ஆம் எண் கட்டடத்தில் இந்திய மாணவர்க்கான மையம் ஒன்று திறக்கப்பட்டது. கல்வி ஆலோசகரின் அலுவலகம் அங்கு இருந்தது. புதிதாக வந்து இறங்கியோர் தங்க அறைகளும் இருந்தன. வசதிகளுக்குக் குறைவில்லை. ஆயினும், மாணவரிற் பலர் அதனை வேவு பார்க்கும் இடமாகவே எண்ணினர். 'இங்குப் பேசுவது யார் செவிக்கு எட்டுமோ?' என்ற அச்சம் இருக்கும்வரை, எவரும் ஓரிடத்தைத் தம் வீடாகக் கருத முடியாதன்றோ?

மூன்றாவது இல்லத்தை உருவாக்கியவர் ஒரு தமிழர். அவரே சேலத்தில் 1876ஆம் ஆண்டு பிறந்த கே.டி. பால் ஆவார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்ற அவர், 1916இல் கிறித்தவ இளைஞர் சங்கத்தின், அதாவது ஒய்.எம்.சி.ஏ.வின், அனைத்திந்தியப் பொதுச் செயலாளரானார். அப்பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் அவரே.

இச்சங்கத்தின் பிறப்பை ஈண்டு நினைவுகூர்தல் பொருத்தமாகும். நாட்டுப்புறத்திலிருந்து இலண்டனுக்கு வந்து துணிக்கடையில் வேலை பார்த்த ஜார்ஜ் வில்லியம்ஸ் என்ற இளைஞர், தம்மைப் போன்றே சொந்த ஊரைப் பிரிந்து வந்து, துணையின்றி வாடிய கடைப் பணியாளர்களுக்காக, 1844இல் தம் நண்பர்களோடு சேர்ந்து இதனைத் தொடங்கினார். பெருநகரின் தனிமையே இச்சங்கம் தோன்றக் காரணமாயிற்று. ஊர்விட்டு ஊர் வந்த ஆங்கில இளைஞனுக்குத் துணையாக நின்ற சங்கம், நாடுவிட்டு நாடு வந்த இந்திய இளைஞனுக்கும் துணையாக நிற்க வேண்டும் என்று பால் கருதினார்.

இப்பணி எளிதன்று. 1919ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் ஜாலியன்வாலாபாக் படுகொலை நிகழ்ந்திருந்தது. ஆள்வோரின் சமயம் கிறித்தவம்; அச்சமயத்தின் பெயரால் திறக்கப்படும் கதவை மாணவர் எங்ஙனம் நம்புவர்? மதமாற்ற வலை என்று ஒரு சாராரும், அரசின் மற்றுமொரு கண் என்று பிறிதொரு சாராரும் ஐயுற இடமிருந்தது.

இவ்விரு ஐயங்களுக்கும் பால் செயலால் விடை தந்தார். 1920இல் தொடங்கப்பெற்ற இந்திய மாணவர் சங்கமும் விடுதியும் இந்தியாவிலுள்ள தேசிய மன்றத்தின் பொறுப்பில் இயங்கின. இந்து, இசுலாமியர், சீக்கியர், கிறித்தவர் என்ற வேறுபாடின்றி யாவரும் வரவேற்கப்பட்டனர். நம் நாட்டு உணவு கிடைத்தது. விவாதங்களும் சொற்பொழிவுகளும் நிகழ்ந்தன. நாட்டுப்பற்று மிக்க கிறித்தவராக விளங்கிய பால், 1930ஆம் ஆண்டு வட்டமேசை மாநாட்டிலும் கலந்துகொண்டார். அத்தகையவரின் நேர்மையே அவ்வில்லத்துக்கு அரணாக அமைந்தது.

முதலில் அது அமைந்த இடம் 'சேக்சுபியர் குடில்' எனப்பட்டது. மகாகவியின் நினைவாக நாடக அரங்கம் எழுப்புவதற்கென வாங்கப்பட்டிருந்த நிலத்தில், முதல் உலகப் போரின்போது 1916இல், நியூசிலாந்துப் படைவீரர்கள் இளைப்பாறுவதற்காக அக்குடில் கட்டப்பெற்றது. போர் முடிந்து வீரர் தாயகம் திரும்பியபின், மாணவர் குடியேறினர். பின்னர் விடுதி கோவர் தெருவுக்கு மாறியது. பால் 1931இல் மறைந்தார். இரண்டாம் உலகப் போரில் அக்கட்டடம் குண்டுவீச்சுக்கு இரையாயிற்று. ஆயினும் பணி நிற்கவில்லை. 1950களின் தொடக்கத்தில் ஃபிட்ஸ்ராய் சதுக்கத்தில் புதிய இல்லம் எழுந்தது. அது இன்றும் மாணவரை ஏற்று வருகின்றது.

இம்மூன்று இல்லங்களையும் ஒருங்கு வைத்து நோக்குவோமாயின் ஓர் உண்மை புலனாகும். முதலாவது, மாணவரின் வீரத்தை நாடியது. அதற்கு உயிரையே விலையாகக் கொடுக்க நேர்ந்தது. இரண்டாவது, மாணவரின் கீழ்ப்படிதலை நாடியது. அவர்தம் நம்பிக்கையை இழந்தது. மூன்றாவது இல்லமோ, அவர்கள் நலமாக வாழ்ந்து, கற்று, ஊர் திரும்ப வேண்டும் என்பதை நாடியது. சமயம் அதன் வேராக இருந்தது. ஆயினும் நிழலில் ஒதுங்கியவரிடம் அதற்கு ஈடாக எதையும் கேட்கவில்லை. ஒரு சமயச் சமூகத்தின் மேன்மைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

மலேசியாவிலிருந்தும் சிங்கையிலிருந்தும் ஆண்டுதோறும் நம் பிள்ளைகள் அயல்நாடு சென்று பயில்கின்றனர். நம் நகரங்களிலுள்ள கல்லூரிகளுக்கும் பிற நாட்டு மாணவர் வருகின்றனர். கோயிலாயினும், தேவாலயமாயினும், பள்ளிவாசலாயினும், தமிழ்ச் சங்கமாயினும், தனித்து வந்த ஓர் இளைஞனுக்கு ஒரு வேளை உணவும் ஓர் அன்பான சொல்லும் தரும் நிலையில் உள்ளதா என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். ஆசிரியப் பெருமக்களே! வெளிநாடு புறப்படும் மாணவனுக்குப் பாடநூல்களின் பட்டியலோடு, அங்கு அவனை ஏற்கும் ஒரு நல்ல இல்லத்தின் முகவரியையும் எழுதிக் கொடுங்கள். சேலத்துப் பெருமகனார் தொடங்கிவைத்த பணிக்கு நாம் செய்யத்தக்க கைம்மாறு அதுவே.