ஹந்தானை ஏற்றமும் சைக்கிள் குழுவும்

கண்டி நகருக்குத் தென்மேற்கே எழுந்து நிற்கும் ஹந்தானை மலைத்தொடருக்கு சைக்கிள் எளிதில் ஏறி வந்துவிடவில்லை. யாழ்ப்பாணத்துச் சமதரையில் வீட்டுக்கு வீடு சுவரில் சாய்ந்து நின்ற துவிச்சக்கர வண்டி, மலையகத் தோட்டங்களில் அபூர்வமாகத்தான் கண்ணில் பட்டது. லயத்திலிருந்து மலைக்கும், மலையிலிருந்து கொழுந்து மடுவத்துக்கும் போன வழிகள் காலுக்கென்று விழுந்த குறுக்குப் பாதைகள். தோட்டத்துத் தபாலைக்கூட ‘தப்பால்’காரர் நடந்தே சுமந்தார். இந்த மேட்டில் சைக்கிள் ஓட வேண்டுமானால் இரண்டு பொருள்கள் முதலில் வந்தாக வேண்டியிருந்தது: வளைந்து ஏறும் வீதியும், காற்றடைத்த டயரும். இரண்டின் வரலாற்றிலும் கண்டிச் சீமைக்குப் பங்குண்டு.

வீதி முதலில் வந்தது. 1815இல் கண்டி இராச்சியத்தைக் கைப்பற்றிய பிரித்தானியருக்கு, படையையும் பீரங்கியையும் கொழும்பிலிருந்து விரைவாக மேலே கொண்டுவர ஒரு பாதை தேவைப்பட்டது. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில், பொறியியலாளர் கப்டன் வில்லியம் பிரான்சிஸ் டோசனின் பொறுப்பில் கொழும்பு–கண்டி வீதி அமைந்தது. கடுகண்ணாவைக் கணவாயில் பாறையைக் குடைந்து வழி செய்தார்கள். டோசனின் நினைவாக 1832இல் எழுந்த கோபுரம் இன்றும் அங்கே நிற்கிறது. பாறையைக் குடைந்த கைகளுக்குக் கோபுரம் இல்லை. இராஜகாரியம் என்ற கட்டாய உழைப்பு முறையில் ஊர் ஊராக இழுத்து வரப்பட்ட மக்கள் அவர்கள். மாடு இழுக்கும் வண்டி மூச்சு வாங்காமல் ஏற வேண்டும் என்பதற்காகவே சரிவைக் குறைத்து, கொண்டை ஊசி வளைவுகளாக மடித்துப் போட்ட பாதை அது. பின்னாளில் கோப்பித் தோட்டங்களுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் வெட்டிய வண்டிப் பாதைகளும் இதே கணக்கில் வளைந்தன. மாட்டின் மூச்சுக்கு ஏற்ற சரிவு மனிதக் காலுக்கும் ஏற்றது என்பது அறுபது ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது.

டயரின் கதை பேராதனையைத் தொட்டுப் போகிறது. அமேசன் காட்டிலிருந்து கொண்டுவந்து இலண்டன் கியூ தோட்டத்தில் முளைக்க வைத்த ரப்பர் நாற்றுகளில் 1,919 நாற்றுகள், 1876இல் கண்ணாடிப் பெட்டிகளில் இலங்கைக்குக் கப்பலேறின. 1821இல் தொடங்கிய பேராதனைத் தாவரவியல் தோட்டத்தின் பணிப்பாளராக இருந்த துவெய்ட்ஸ் அவற்றைப் பொறுப்பேற்றார். வெப்பமும் ஈரமும் கூடிய தாழ்நிலம் வேண்டும் என்பதால் கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடையில் நட்டார்கள். அப்போது ரப்பரைப் பெரிதாகக் கேட்பார் இல்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1888இல், பெல்பாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவர் ஜோன் டன்லப் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்குச் செய்த காற்று டயருக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்புதான் ஸ்டார்லியின் ‘ரோவர்’ வண்டி, ஏறத்தாழ ஒரே அளவிலான இரு சக்கரங்களும் பின்சக்கரத்துக்குச் செயினுமாக இன்றைய சைக்கிளின் உருவத்தைத் தந்திருந்தது. இரண்டும் சேர்ந்ததும் உலகம் ரப்பருக்குப் பறந்தது. முதலில் அந்தப் பசிக்கு இரையானவர்கள் அமேசன், கொங்கோ காடுகளின் மக்கள். பெல்ஜிய மன்னரின் ஆட்சியில் கொங்கோவில் நடந்த கொடுமை சைக்கிள் வரலாற்றில் விட்டுவிடக்கூடாத பக்கம். இலங்கைத் தோட்ட ரப்பர் 1900க்குப் பிறகே பெருகிச் சந்தைக்கு வந்தது.

கூட்டமாகச் சைக்கிளில் போகும் பழக்கம் டயரைவிட மூத்தது. 1878இல் இங்கிலாந்தின் ஹரோகேட்டில் ஒரு சைக்கிள் சுற்றுலாச் சங்கம் தொடங்கியது. அக்காலச் சங்கங்களில் ‘கப்டன்’ முன்னே போவார். அவருடைய கட்டளையை வரிசைக்குச் சொல்ல ஊதுகொம்புக்காரர் ஒருவர் இருப்பார். ஏறு, இறங்கு, நில் என ஒவ்வொன்றுக்கும் தனி ஒலி. ஆபத்தான இறக்கங்களின் தலைப்பில் எச்சரிக்கைப் பலகை நட்டவையும் இந்தச் சங்கங்கள்தாம். மோட்டார் வாகனம் வருமுன்பே மலை வீதியின் ஆபத்தை எழுதி வைத்தவர்கள் சைக்கிள்காரர்கள்.

இலங்கை வீதிகளை நெடும்பயணச் சைக்கிளில் அளந்தவர்களில் பெயர் பெற்றவர்கள் அமெரிக்கத் தம்பதி ஃபேனி புல்லக் வேர்க்மன், வில்லியம் ஹண்டர் வேர்க்மன். 1897இல் இலங்கையில் தொடங்கி, இந்தியா முழுவதும் சுற்றி, பதினாலாயிரம் மைல் பயணத்தை 1904இல் நூலாக்கினார்கள். பெண் சைக்கிள் ஓட்டுவதே விவாதமாக இருந்த காலத்தில் ஃபேனி அதைச் செய்தார்.

ஊர் மக்களின் கைக்கு வந்த வண்டி வேறு மாதிரி. ராலே, ஹம்பர் போன்ற கனத்த இரும்பு வண்டிகளுக்குப் பெரும்பாலும் ஒரே கியர்தான். 1902இல் நொட்டிங்ஹாமில் பிறந்த ஸ்டேமி ஆர்ச்சர் மூன்று கியர் குடம் வசதியுள்ளவர்களுக்கே வாய்த்தது. மற்றவர்கள் ஏற்றத்தில் இறங்கி, ஹாண்டிலைப் பிடித்து உருட்டிக்கொண்டே நடந்தார்கள். பற்சக்கரம் விட்டுப் பற்சக்கரம் செயின் தாவும் பல கியர் வண்டிகள் பரவிய பிறகே ஹந்தானை போன்ற மேடு சாதாரணக் காலுக்கு எட்டியது.

எட்டினாலும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் எட்டுவதில்லை. குழுவை நடத்துபவரின் முழு வேலையும் இந்த ஓர் உண்மையிலிருந்து பிறக்கிறது. ஆளும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்தால், 300 மீற்றர் உயரம் ஏற ஏறத்தாழ 2,50,000 ஜூல் சக்தி வேண்டும். 200 வாட் வலு தரக்கூடியவர் அதை 21 நிமிடத்தில் முடிப்பார். 100 வாட் தருபவருக்கு 42 நிமிடம் ஆகும். சமதரையில் முன்னே போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினால் காற்றின் எதிர்ப்பு குறைந்து வலு குறைந்தவரும் கூடவே வந்துவிடுவார். மேட்டில் வேகம் குறைவு, எதிர்ப்பது காற்றல்ல, சொந்த எடை. ஆகவே மலையேறும் குழு சிதறத்தான் செய்யும். நல்ல தலைவர் அதைத் தடுக்கப் பார்ப்பதில்லை. எந்த வளைவில் காத்திருப்பது என்று புறப்படும்போதே சொல்லி, வழி தெரிந்த ஒருவரைக் கடைசியில் வரவிடுவார். பம்பும் மாற்று டியூபும் அந்தக் கடைசி ஆளிடம் இருப்பதுதான் முறை, ஏனென்றால் பஞ்சரானவரைக் கடந்து போகாத ஒரே ஆள் அவர்தான்.

கண்டியில் பழகுவோருக்கு 1807இல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வெட்டுவித்த வாவியின் கரை, மூன்று கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான சுற்றாக அமைகிறது. விடியற்காலையில், பஸ்கள் பெருகுமுன் அங்கே சுற்றிப் பார்த்துவிட்டு ஹந்தானை வீதியில் திரும்பலாம். நகரிலிருந்து சுமார் நான்கு கிலோமீற்றரில், 1925இல் கட்டிய ஹந்தானைத் தேயிலைத் தொழிற்சாலை 2001 முதல் தேயிலை நூதனசாலையாக இருக்கிறது. குழு ஒன்றுசேர்ந்து மூச்சு வாங்க இதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

பழைய வண்டியை ஓட்டியே அதன் வரலாற்றைக் கொண்டாடும் வழக்கம் வேறு நாடுகளில் நிலைத்துவிட்டது. இங்கிலாந்தில் 1955 முதல் பழஞ்சைக்கிள் சங்கம் உண்டு. இத்தாலியில் 1997இல் தொடங்கிய ‘எரோயிக்கா’ பயணத்தில் பழங்கால வண்டிகளுடன் சரளைப் பாதையில் போகிறார்கள். ஐக்கிய நாடுகள் சபை 2018இல் ஜூன் 3ஐ உலக சைக்கிள் தினமாக்கியது. இலங்கையில் சைக்கிளின் அருமையை நினைவூட்ட விழா தேவைப்படவில்லை. 2022 ஜூன் இறுதியில் தனியார் வாகனங்களுக்கு எரிபொருள் விற்பனை நிறுத்தப்பட்டபோது, மூலையில் துருப்பிடித்துக் கிடந்த வண்டிகளுக்கு எண்ணெய் போட்டு நாடே வீதிக்கு வந்தது.

ஹந்தானை 2010 முதல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசம். அதனால் குழு வீதியையும் பழைய வண்டிப் பாதையையும் விட்டு விலகுவதில்லை. மழை பெய்த சரிவில் டயர் கீறிய தடம் அடுத்த மழைக்கு ஓடையாகிவிடும். இறக்கம்தான் கடைசிக் கவனம். பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே வந்தால் ரிம் சூடேறும். விட்டுவிட்டுப் பிடித்து, வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்து, ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டு இறங்க வேண்டும். ஏறும்போது கடைசியில் வந்தவர் அடிவாரம் சேரும்வரை தலைவர் எண்ணிக்கையை முடிப்பதில்லை.