திசு வளர்ப்பில் தளிர் உருவாக்கமும் தாவர ஹார்மோன்களும்

கண்ணாடிக் குடுவையில் வளரும் திசு தளிர்விடுமா வேர்விடுமா என்பதைப் பெரும்பாலும் ஆக்சின், சைட்டோகைனின் ஆகிய இரண்டு ஹார்மோன்களின் விகிதமே முடிவுசெய்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் புகையிலைத் தண்டின் உட்சோற்றைக் கொண்டு ஸ்கூக், மில்லர் இருவரும் 1957இல் இதைக் காட்டினர். வளர்ப்பு ஊடகத்தில் ஆக்சினைவிடக் கைனெடின் என்னும் சைட்டோகைனினின் விகிதம் கூடினால் தளிர். ஆக்சின் ஓங்கினால் வேர். இரண்டும் இடைநிலையில் இருந்தால் உருவமற்ற திசுத்திரளான கேலஸ். இந்தக் கைனெடின், அதற்கு இரண்டாண்டு முன்பு வெப்பமூட்டிய ஹெர்ரிங் மீன் விந்தின் டி.என்.ஏ.விலிருந்து பிரிக்கப்பட்டது என்பது வேடிக்கையான வரலாறு.

விதி எளிது, நடைமுறை அப்படியல்ல. திசுவுக்குள் ஏற்கெனவே இருக்கும் ஹார்மோன் அளவு, தாவர இனம், திசுவின் வயது எல்லாம் கணக்கைப் புரட்டிவிடும். புகையிலைக்குப் பலிக்கும் அளவு வேறொரு செடியில் பயன்படாமல் போவது வழக்கம். ஜிப்பரெலின் என்னும் மற்றொரு தாவர ஹார்மோன் பல இனங்களில் தளிர் தோன்றுவதைத் தடுக்கிறது. தோன்றிய தளிரை நீட்டவோ அதுவே உதவுகிறது.

வாழைத் திசு வளர்ப்பில் பென்சைல் அடினின் என்னும் சைட்டோகைனின் நுனிமொட்டு பக்கமொட்டுகளை அடக்கும் நுனி ஆதிக்கத்தைத் தளர்த்தி, ஒரே குருத்துநுனியிலிருந்து பல தளிர்களைக் கொத்தாக எழுப்புகிறது. அளவு மீறினால் தளிர்கள் குட்டையாகித் திரண்டு நிற்கும்; சில செடிகளில் இலைகள் நீர்கோத்துக் கண்ணாடிபோல் ஆகிவிடும். பெருகிய தளிர்களைப் பிரித்து, சைட்டோகைனினை விலக்கி, ஆக்சின் சேர்த்த ஊடகத்துக்கு மாற்றியே வேரூன்றச் செய்வர்.