நங்கூரக்கல்

நங்கூரக்கல் என்பது சிறு படகை ஒரே இடத்தில் கட்டிவைக்கக் கடலடியில் இறக்கப்படும் கனமான பொருள். கொழு உள்ள நங்கூரம் தரையைக் கவ்விப் பிடிக்கும். நங்கூரக்கல் பெரும்பாலும் தன் எடையாலேயே பிடிக்கும். இது மிகப் பழைய முறை. குஜராத்தின் துவாரகைக் கடலடியில் துளையிட்ட கல் நங்கூரங்கள் பல கிடைத்துள்ளன. மலேசியாவின் நெகிரி செம்பிலானில், லாபு தோட்டப்புறத்துக்கு எட்டும் தொலைவிலுள்ள போர்ட்டிக்சன் கடற்கரையில் படகு வைத்திருப்பவர், வீட்டிலேயே இதை வார்த்துக்கொள்ளலாம்.

நீருக்குள் எடை

எந்தப் பொருளும் தான் விலக்கும் நீரின் எடையளவுக்கு இலேசாகும். கடல்நீர் கன மீட்டருக்குச் சுமார் 1,025 கிலோ. கான்கிரீட் 2,400 கிலோ. எனவே கான்கிரீட் நீருக்குள் தன் எடையில் 43 விழுக்காட்டை இழக்கிறது. கருங்கல் சுமார் 38 விழுக்காடும் எஃகு 13 விழுக்காடும் இழக்கும். தோட்ட வீடுகளில் தண்ணீர் சுமக்கப் பயன்பட்ட 18 லிட்டர் மண்ணெண்ணெய்த் தகரத்தில் கான்கிரீட் நிரப்பினால் கரையில் 43 கிலோ இருக்கும். கடலில் 25 கிலோதான்.

தேவையான எடை

காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் தள்ளுவிசை நான்கு மடங்காகும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியற்காலையில், மலாக்கா நீரிணையைக் கடந்து வரும் ‘சுமத்ரா’ புயற்காற்று மணிக்கு 80 கிலோமீட்டரையும் தொடும். அந்த வேகத்தில் படகின் முகப்பில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் சுமார் 30 கிலோ இழுவிசை விழும். முகப்பு 2 சதுர மீட்டர் என்றால் 60 கிலோ. மணல் தரையில் உராய்வு, நீருக்குள் உள்ள எடையில் பாதி என்று கொண்டால் 120 கிலோ வேண்டும். அதாவது ஐந்து தகரம். அலையின் வெட்டியிழுப்புக்கு இதற்கு மேலும் கூட்ட வேண்டும். ஒரே பாளமாக வார்த்தால் தூக்க முடியாது. தனித்தனியாக வார்த்து, வற்றக் காலத்தில் இறக்கிச் சங்கிலியால் பிணைப்பது எளிது.

பொருள்கள்

கான்கிரீட்டை நன்னீரில் குழைக்க வேண்டும். கடல்நீரின் உப்பு உள்ளிருக்கும் கம்பியை அரிக்கும். முழு வலுப்பெற 28 நாள் ஈரத்தில் வைப்பது வழக்கம். பழைய எஞ்சின் கட்டை கனமானதுதான், ஆனால் எண்ணெய் கசியும். துத்தநாகம் பூசிய சங்கிலியோடு துருவேறா எஃகு ஷாக்கிளை (திருகாணியால் மூடும் இணைப்புக் கொக்கி) சேர்த்தால் பூச்சு விரைவில் கரையும். சங்கிலிக்கு மேலே படகு வரையுள்ள பகுதிக்கு நைலான் கயிறு ஏற்றது. அது நீண்டு அதிர்வைத் தாங்கும். பாலிபுரொப்பிலீன் கயிறு மிதந்து எஞ்சின் விசிறியில் சிக்கும். சங்கிலியும் கயிறும் சேர்ந்து, ஏற்றக் கால ஆழத்தைப்போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும். அப்போதுதான் இழுப்பு கல்லை மேலே தூக்காமல் பக்கவாட்டில் விழும்.

கல் எளிதில் தேயாது; கல்லில் பதித்த வளையமும் ஷாக்கிளும்தான் முதலில் அறும். ஆண்டுக்கு ஒருமுறையாவது அவற்றை மேலே எடுத்துப் பார்க்க வேண்டும்.