ஸ்ரீரங்கம் எத்தனை பைட்டு?

"ஸ்ரீரங்கம்"னு தமிழ்ல தட்டினா கம்ப்யூட்டர்ல எத்தனை பைட்டு பிடிக்கும்? வெட்டி ஆபீசர் கேள்விதான். ஆனா இதுக்குள்ள நம்ம ஆளுங்க பட்ட பாடு நிறைய இருக்கு மக்களே.

திஸ்கியில் 5 பைட்டு. "ஸ்ரீ" முழுசுக்கும் ஒரே இடம். ர, ங், க, ம் ஆளுக்கு ஒண்ணு. இன்னிக்கு நாம எழுதுற யூனிகோடில், யூடிஎஃப்-8 கணக்குப்படி 30 பைட்டு. ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறின்னு "ஸ்ரீ" மட்டுமே 12 பைட்டை முழுங்கிடும்.

திஸ்கி என்பது பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சலில் மல்லுக்கட்டி 90களின் இறுதியில் உருவாக்கின குறியீடு. (தமிழக அரசு 1999ல் டாப், டாம்னு வேற ரெண்டை அறிவிச்சது தனி ராமாயணம்.) அப்போ வீடுகளில் இருந்தது விண்டோஸ் 98. குறைஞ்சது 16 எம்பி மெமரி இருந்தா ஓடும். அதுக்கு 8 பிட் எழுத்துதான் பழக்கம். அதனால மேல்பாதி 128 இடத்துல தமிழை உட்கார வெச்சாங்க. "தெப்பக்குளம்"னா முதல்ல கொம்பு, அப்புறம் த. கண்ணுக்குத் தெரியற வரிசையிலேயே சேமிப்பு. ஃபான்ட் ஒண்ணு போட்டா போதும், தமிழ் தெரியும்.

யூனிகோடு அப்படி இல்லை. த முதல்ல, கொம்பு பின்னாடி. திரையில காட்டும்போது கொம்பைத் தூக்கி முன்னால வைக்க ஒரு ஆள் வேணும். விண்டோஸில் அந்த ஆள் பேர் யூனிஸ்க்ரைப். லதா எழுத்துருவோட தமிழுக்கு அவர் வந்து சேர்ந்தது 2000 பிப்ரவரியில் வெளியான விண்டோஸ் 2000ல்தான். அதுக்குக் குறைஞ்சது 64 எம்பி மெமரி. 2001ல வந்த எக்ஸ்பிக்கும் 64, ஒழுங்கா ஓடணும்னா 128. எக்ஸ்பியிலயும் சும்மா வராது. ரீஜனல் செட்டிங்ஸ்ல போய் டிக் அடிச்சு, விண்டோஸ் சிடியைப் போடணும். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரவுசிங் சென்டர்ல உட்கார்ந்துக்கிட்டு யார்கிட்ட சிடி கேக்கிறது?

அதாவது தாய்மொழியைப் படிக்க மெமரி நாலு மடங்கு வேணும். சரி, 98லயே மெமரியை ஏத்திக்கலாம்னா அதுவும் ஒரு அளவுக்குத்தான். 512 எம்பியைத் தாண்டினா "மெமரி பத்தலை"ன்னு அழும். நிஜமாத்தான்! சிஸ்டம்.ஐஎன்ஐ ஃபைலில் கேஷ் அளவுக்குக் கடிவாளம் போட்டாத்தான் அடங்கும்.

பழைய பொட்டிக்காரங்களைக் கைவிடாத மனுஷர் அதிராம்பட்டினம் உமர் தம்பி. அவர் செஞ்ச தேனீ இயங்கு எழுத்துரு, பக்கத்தோடயே சேர்ந்து இறங்கிடும். படிக்கிறவர் எதையும் நிறுவ வேண்டாம். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும்தான் வேலை செய்யும்ங்கிறது ஒரு குறை. ஆனா அப்போ முக்கால்வாசிப் பேர் வெச்சிருந்தது அதைத்தானே. 2006 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 98ஐக் கைகழுவியது. அதே மாசம் உமர் தம்பியும் காலமானார்.

இப்போ ஊர் பேருக்கு வருவோம். 2005ல யூனிகோடு 4.1ல "ஶ"ன்னு ஒரு எழுத்தைச் சேர்த்து, "ஸ்ரீ"யை இதை வெச்சுத்தான் எழுதணும்னுட்டாங்க. அதுவரைக்கும் எல்லாரும் "ஸ"வை வெச்சு எழுதிட்டிருந்தோம். எக்ஸ்பியோட வந்த லதாவில் இந்த ஶ கிடையாது, கட்டம்தான் தெரியும். இன்னிக்குப் பெரும்பாலான எழுத்துருக்களில் ரெண்டும் ஒரே மாதிரி தெரியுது, ஆனா உள்ளே வேற வேற. ஒண்ணை வெச்சுத் தேடினா இன்னொண்ணு சிக்காது. சுஜாதாவோட "ஸ்ரீரங்கத்து தேவதைகள்" உங்க ஃபைலில் இருந்தும் இல்லைன்னு வரும்.

எனக்கு இது ஏன் உறைச்சதுன்னா, ஸ்ரீரங்கத்துல எங்க பெரியப்பா 2001ல தாத்தா சொல்லச் சொல்லத் தட்டி வெச்ச குடும்பக் கதை அத்தனையும் திஸ்கியில். இன்னிக்கு நோட்பேடில் திறந்தா ஐரோப்பிய எழுத்துக் குப்பை. தாத்தாவும் இல்லை, பெரியப்பாவும் இல்லை. சுரதாவின் பொங்குதமிழ் மாதிரி மாற்றிகள் இருக்கு. இருந்தாலும் நானே ஒரு சின்ன நிரல் எழுதினேன். 247 எழுத்துக்கும் பிரச்சினை இல்லை. அந்த ஒத்தை பைட்டு "ஸ்ரீ" வந்ததும் கை நின்னுடுச்சு. ஸவா, ஶவா?

ஸவே போட்டேன். வீட்டுல மத்தவங்க ஃபோன்ல தட்டுறதும், தேடப்போறதும் அதுதான்.