ஜன்னல் அழுத கதை

பாரிஸ் அருகே மகள் வீட்டில் ஒரு குளிர்காலம் தங்கியிருந்தேன். ஜன்னலுக்கு மேலிருந்த சிறு துவாரம் வழியே குளிர் வருகிறதென்று, யாரிடமும் சொல்லாமல் காகிதம் ஒட்டி அடைத்துவிட்டேன். சில நாட்களில் காலைதோறும் கண்ணாடியில் நீர் வழிந்தது. பேரன் படுக்கும் மூலையில் சுவர் கறுத்துப் பூஞ்சை பிடித்தது.

1751-இலேயே இதற்கு விடை சொன்னவர் மோன்பெலியே நகர மருத்துவர் ஷார்ல் லெ ருவா. ஈரக் காற்றைக் கண்ணாடிப் பாத்திரத்தில் அடைத்துக் குளிரவைத்தார். ஒரு குறிப்பிட்ட அளவு குளிர்ந்ததும் உட்புறம் நீர் படிந்தது, சூடேறியதும் மறைந்தது.

அக்காலத்து வீடுகளில் கணப்படுப்பின் புகைபோக்கியே ஈரக் காற்றை வெளியேற்றியது. பின்னாளில் கணப்படுப்பு இல்லாத அடுக்குமாடிகள் எழுந்தன. எனவே 1969 அக்டோபர் 22-ஆம் தேதி பிரெஞ்சு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது: புது வீடுகளில் படுக்கையறை, கூடம் வழியே காற்று நுழைந்து, சமையலறை, குளியலறை வழியே எந்நேரமும் வெளியேற வேண்டும். 1973-இல் எண்ணெய் விலை ஏறியதும், சூடு வீணாகாதிருக்கப் பலர் வீட்டின் இடுக்குகளை அடைத்தார்கள். ஈரமும் உள்ளேயே தங்கியது. இரட்டைக் கண்ணாடி போட்டால் உட்புறக் கண்ணாடி அவ்வளவாகக் குளிராது. ஆனால் ஈரத்தை அது வெளியேற்றாது.

"அப்பா, அது காற்று வர வைத்த வழி" என்றாள் மகள். ஆணைகளைக் கோப்பில் கட்டியே காலம் கழித்தவன், ஓர் ஆணையின் வாயையே அடைத்திருக்கிறேன்! காகிதத்தைக் கிழித்தேன். வெளிக் குளிரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். நீரோ எங்கள் மூச்சிலிருந்தும், சோறு வடித்த ஆவியிலிருந்தும், உள்ளே காயப்போட்ட துணியிலிருந்தும் வந்தது.